தோட்ட டவுன் அலுவலகச் சர்வர்: மெய்நிகர் தளம் தேர்வு செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுங்கை சிப்பூட்டில் செம்பனைக் குத்தகைக் கணக்கு பார்க்கும் சின்ன அலுவலகம் ஒன்று. ஒரே சர்வரில் கணக்கு மென்பொருள், சம்பளப் பட்டியல், கோப்புகள் என மூன்று வி.எம். (சர்வருக்குள் தனிக் கணினிபோல ஓடும் மெய்நிகர் கணினி) ஓடின. வாரம் தவறாமல் ஸ்னாப்ஷாட், அதாவது அந்த நேரத்து வி.எம். நிலையின் பதிவு, எடுத்தார்கள். ஒரு சாயங்காலம் இடி இடித்துக் கரண்ட் போய் வந்ததில் டிஸ்க் போனது. ஸ்னாப்ஷாட்டுகளும் அதே டிஸ்க்கில்தான் இருந்தன. கிராணி (குமாஸ்தா) செக்ரோல் என்னும் சம்பளப் பதிவுப் புத்தகத்தைப் பிரித்து வைத்து மூன்று மாதச் சம்பளத்தையும் மறுபடி தட்டினார். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

ஸ்னாப்ஷாட் பேக்கப் ஆகாது. அது மூல டிஸ்க்கை நம்பியே நிற்கிறது. மூலம் போனால் அதுவும் போகும். ஆகவே வி.எம்.களை ஓட்டும் மென்பொருள் தளங்களில் எது நல்லது என்று கேட்பதற்கு முன், வேறொரு பெட்டிக்குப் பேக்கப் எப்படிப் போகும், யார் அதைத் திரும்ப ஏற்றுவார் என்று கேளுங்கள். பெரும்பாலோர் இதைக் கடைசியில்தான் யோசிக்கிறார்கள்.

அடுத்தது விலை. இத்தகைய தளம் விற்கும் விஎம்வேர் நிறுவனத்தை பிராட்காம் 2023 நவம்பரில் வாங்கியது. அடுத்த மாதமே ஒருமுறை பணம் கட்டி வாங்கும் லைசென்ஸ் நின்று, சந்தா மட்டும் என்றானது. விஎம்வேரின் தளமான ஈஎஸ்எக்ஸ்ஐயின் இலவசப் பதிப்பு 2024 பிப்ரவரியில் நிறுத்தப்பட்டு 2025 ஏப்ரலில் திரும்பியது. பழைய விலைப்பட்டியலை நம்பி பட்ஜெட் போடாதீர்கள்.

பிராக்ஸ்மாக்ஸ் என்ற இன்னொரு தளம் இலவசம்தான், உள்ளே ஓடும் விண்டோஸ் இலவசமல்ல. விண்டோஸ் சர்வர் ஸ்டாண்டர்டுக்கு இயந்திரத்தின் எல்லா கோர்களுக்கும் (பிராசஸரின் உட்பகுதிகள்), குறைந்தது 16 கோருக்கு, லைசென்ஸ் எடுக்க வேண்டும். அதில் இரண்டு விண்டோஸ் வி.எம். வரைதான் அனுமதி. மூன்றாவது வேண்டுமென்றால் எல்லா கோருக்கும் இன்னொரு முறை பணம். மைக்ரோசாப்டின் ஹைப்பர்-வி, பிராக்ஸ்மாக்ஸ் எதில் ஓட்டினாலும் இதே கணக்குதான்.

‘ஒன்று போனாலும் மற்றது தாங்கும்’ என்று இரண்டு சர்வரை பிராக்ஸ்மாக்ஸ் கிளஸ்டராக, அதாவது ஒரே கூட்டாக, இணைப்பவர்கள் உண்டு. கூட்டில் ஒவ்வொரு சர்வருக்கும் ஒரு ஓட்டு, பெரும்பான்மை ஓட்டு இருந்தால்தான் அது முழுதாக வேலை செய்யும். இரண்டு ஓட்டில் ஒன்று போனால் பெரும்பான்மை கிடையாது. ஏற்கெனவே ஓடும் வி.எம். ஓடலாம், நின்றுபோனதை மறுபடி தொடங்க விடாது. மூன்றாவது ஓட்டுக்கு ஒரு சின்னக் கணினியைக் கியூடிவைஸாக, அதாவது ஓட்டு மட்டும் போடும் துணையாக, வையுங்கள். பழைய பெட்டியே போதும்.

கணக்கு மென்பொருளுக்கு யுஎஸ்பி டாங்கிள் (லைசென்ஸுக்காகச் செருகும் சின்னச் சாவி) இருந்தால் அது வி.எம்.முக்குள் தெரிகிறதா என்று வாங்கும் முன்பே சோதியுங்கள். கரண்ட் போனால் பேட்டரியில் தாங்கும் யுபிஎஸ் இருந்தால் மட்டும் போதாது. பேட்டரி தீரும் முன் வி.எம்.களை ஒழுங்காக அணைக்கும்படி அதைச் சர்வரோடு இணைத்திருக்க வேண்டும்.

அந்த அலுவலகத்தில் இப்போது பிராக்ஸ்மாக்ஸ். அதைவிட நல்லது இல்லை என்பதற்காக அல்ல. டவுனிலேயே அதைத் தெரிந்த பையன் ஒருவன் இருக்கிறான். மாதம் ஒரு சனிக்கிழமை, கிராணி முன்னிலையில், சம்பள வி.எம்.மைப் பேக்கப்பிலிருந்து வேறு கணினியில் ஏற்றிப் போன மாதப் பட்டியலைத் திறந்து காட்டுகிறான்.