திருகோணமலையில் பொதுச் சார்ஜர்: எப்போது போடுவது, எவ்வளவு போடுவது, எப்போது கழற்றுவது

மின்சாரக் காரில் வந்து நிலாவெளியிலும் உப்புவெளியிலும் சனி இரவு தங்குபவர்கள் பலர் ஞாயிறு மத்தியானச் சாப்பாடு முடிந்த பிறகுதான் பற்றரி எத்தனை வீதம் என்று பார்ப்பார்கள். திரும்பும் வழியில் கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் இருட்டினால் யானை றோட்டுக்கு வரும். ஆகவே எல்லாருக்கும் பொழுதுபடுவதற்குள் அந்தத் துண்டைக் கடந்துவிட வேண்டும். விளைவு, பிற்பகல் இரண்டுக்கும் நாலுக்கும் இடையில் சார்ஜரடியில் கூட்டம். மே முதல் செப்டெம்பர் வரையான சீசனிலும், போயா சேர்ந்து வரும் நீண்ட விடுமுறைகளிலும் இது இன்னும் மோசம்.

இதற்கு முதல் மருந்து நேரத்தை மாற்றுவது. சனி இரவு 10.30க்குப் பிறகோ, ஞாயிறு காலை எட்டு மணிக்கு முன்னரோ போட்டுவிட்டால் வரிசையே தேவைப்படாது. நேரவாரி மின்கட்டணத்தில் இரவு 10.30 முதல் காலை 5.30 வரை மலிவு, மாலை 6.30 முதல் 10.30 வரை உச்சம். நேரத்துக்கு நேரம் விலையை மாற்றும் சார்ஜர்களில் இது பில்லிலேயே தெரியும். கோயிலுக்கோ கன்னியா வெந்நீரூற்றுக்கோ போய்விட்டு மாலை ஏழு மணிக்குச் சார்ஜ் போட வருவது எல்லா வகையிலும் நட்டம்.

அடுத்தது, எத்தனை யுனிட் வேண்டும் என்பதை வரிசைக்கு வருமுன் கணக்குப் பார்ப்பது. திருகோணமலையிலிருந்து ஹபரணை ஏறத்தாழ 85 கிலோமீற்றர். நிசான் லீஃப், பிவைடி அற்றோ 3 போன்ற கார்கள் நிதானமாக ஓடினால் யுனிட்டுக்கு 6 கிலோமீற்றர் அளவில் தரும். அப்படியென்றால் 14 யுனிட். அதோடு ஏசிக்கும் அவசரத்துக்கும் 4 யுனிட் சேர்த்து 18 என்று வைத்துக்கொள்ளுங்கள். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் இன்னும் இரண்டு கூட்டுங்கள். கச்சான் தென்மேற்கிலிருந்து வருவது, ஹபரணைக்குப் போகும் றோட்டும் அதே திசைக்குத்தான் போகிறது. முழு வழியும் எதிர்க்காற்று. வரும்போது மிச்சம் பிடித்த யுனிட்டை நம்பித் திரும்பிப் போகும் கணக்கைப் போட்டால் பிழையாகிவிடும்.

60 யுனிட் பற்றரிக்கு இந்த 20 யுனிட் என்பது மூன்றில் ஒரு பங்கு. 25 வீதத்தில் வந்தவர் 65இல் கழற்றிக்கொண்டு போனால் ஹபரணையில் கையில் மிச்சமும் இருக்கும். 100 ஆகும்வரை நிற்பவர் தன்னுடைய ஒரு மணித்தியாலத்தையும் பின்னால் நிற்பவரின் ஒரு மணித்தியாலத்தையும் சேர்த்துக் கொட்டுகிறார்.

ஏனென்றால் கடைசி இருபது வீதம் மெதுவாகத்தான் ஏறும். குடம் வாய்க்கு வரும்போது குழாயைக் குறைக்கிறோமே, பற்றரியும் அதையே செய்யச் சொல்லிச் சார்ஜருக்குக் கட்டளை கொடுக்கும். 50 கிலோவாட் சார்ஜரில் 40 யுனிட் லீஃப் 20இலிருந்து 80க்கு வர 40 முதல் 60 நிமிடம் எடுக்கும். 80இலிருந்து 100க்கு இன்னும் கிட்டத்தட்ட அதேயளவு நேரம். ஏறுவதோ எட்டே யுனிட். சார்ஜரின் திரையில் கிலோவாட் என்று ஒரு எண் ஓடிக்கொண்டிருக்கும், வீதத்தைவிட அதைப் பாருங்கள். 15க்குக் கீழே விழுந்துவிட்டது, பின்னால் ஒருவர் நிற்கிறார் என்றால் கழற்றும் நேரம் வந்துவிட்டது.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. பழைய 24 யுனிட் லீஃப். அதன் அளவுமானியின் வலது ஓரத்தில் பற்றரியின் ஆரோக்கியத்தைக் காட்டும் சின்னக் கோடுகள் புதிதில் பன்னிரண்டு இருக்கும். அவை எட்டாகக் குறைந்த காரில் முழுதாக நிரப்பினாலும் 14 யுனிட் அளவுதான் நிற்கும். அந்தக் காருக்கு 80 வீதத்தில் கழற்றும் கணக்குச் சரிவராது. அவர் 95 வரை நிரப்பி, மணிக்கு 50 கிலோமீற்றரில் ஓட்டித்தான் ஹபரணைப் பக்கம் போக வேண்டும். அப்படி ஒருவர் நின்றால் முகத்தைச் சுளிக்காமல் விடுங்கள். ‘லித்தியம் இரும்பு பொஸ்பேற் பற்றரி, கிழமைக்கு ஒருதரம் 100 ஆக்கச் சொல்லியிருக்கு’ என்று புதுக் காரோடு விரைவு சார்ஜரில் நிற்பவருடைய நியாயம் வேறு. சொன்னது சரிதான், ஆனால் அதை வீட்டில் இரவோடு இரவாகச் செய்யலாம்.

லீஃப் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. முதல் இரண்டு தலைமுறை லீஃப்களின் பற்றரிக்குத் தண்ணீர்க் குளிரூட்டல் கிடையாது. தம்புள்ளையில் ஒருதரம் விரைவு சார்ஜ் போட்டு, மத்தியான வெயிலில் வந்து, இங்கே மறுபடியும் போட்டால் வெப்ப முள் சிவப்புக்குக் கிட்ட நிற்கும். கார் தானாகவே மின்னைக் குறைத்துவிடும். திரையில் 40 கிலோவாட்டுக்கு மேல் வரவேண்டியது இருபதிலோ அதற்குக் கீழோ நிற்கும். சார்ஜர் பழுது என்று காவலாளியுடன் சண்டை பிடிப்பதில் பலனில்லை. கார் ஏசியைப் போட்டாலும் அந்தப் பற்றரி குளிராது. பின்னால் நிற்பவரிடம் ‘இது சூடு, நேரம் எடுக்கும்’ என்று முதலே சொல்லிவிடுங்கள். தங்கப்போகிறீர்கள் என்றால் இடத்தை விட்டுக்கொடுத்து இரவில் போடுங்கள்.

இயந்திரத்தைப் படிக்கத் தெரியாமல் வரும் குழப்பம்தான் பாதி. காரில் கொழுவும் பிளக்கைக் கன் என்பார்கள், அதில் இரண்டு வகை: ஜப்பானிலிருந்து வந்த லீஃப்களுக்கு விரைவு சார்ஜ் சாடெமோ, புதிதாக வரும் பிவைடி போன்றவற்றுக்கு சீசீஎஸ் 2. ஒரே இயந்திரத்தில் இரண்டு கன்னும் தொங்கும். சில இயந்திரங்கள் இரண்டு காருக்கும் மின்னைப் பங்குபோடும், சிலவற்றில் ஒரு நேரத்தில் ஒன்றுதான் வேலை செய்யும். அந்த இரண்டாவது வகையில் ‘சும்மா தொங்குகிற கன்’ வெறும் தோற்றம். அங்கே சாடெமோ வரிசை, சீசீஎஸ் வரிசை என்று இரண்டு கிடையாது, ஒரே வரிசை. பங்குபோடும் வகையிலும் நீங்கள் கொழுவியதும் பக்கத்துக் காருக்குப் போவது குறையக்கூடும். ஆகையால் கேட்டுவிட்டுக் கொழுவுங்கள்.

சுவரில் 22 கிலோவாட் என்று எழுதியிருக்கும் ரைப் 2 வகை மெதுச் சார்ஜரைப் பார்த்துவிட்டு ‘இதுவும் பாஸ்ட் தானே’ என்று அரை மணித்தியாலம் கணக்குப் போடுபவர்களும் உண்டு. அங்கே வேகத்தைத் தீர்மானிப்பது காருக்குள் இருக்கும் சார்ஜர். லீஃபில் அது 3.3 அல்லது 6.6, அற்றோ 3இல் 7. சுவரில் எதை எழுதினாலும் காருக்கு அதற்கு மேல் ஏறாது. 20 யுனிட்டுக்கு 3.3இல் ஆறு மணித்தியாலம். அதில் காருக்குள் ஏசி போட்டுக்கொண்டு படுத்தால் ஏறுவதில் கால் பங்குக்குமேல் ஏசிக்கே போகலாம். அது படுக்கப்போகும்போது போடவேண்டிய சார்ஜர், பயணத்தின் நடுவில் அல்ல.

இனி வரிசை. 2022இல் பெற்றோலுக்கு நின்ற ஊருக்கு வரிசையைப் பற்றிப் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஆனால் பெற்றோல் வரிசை கண்ணுக்குத் தெரியும், சார்ஜர் வரிசை தெரியாது. ஒருவர் வேப்பமர நிழலில் நிற்பார், ஒருவர் எதிர்க் கடையில் பிளேன்ரீ குடித்துக்கொண்டிருப்பார், புதிதாக வந்தவர் காலியாகத் தெரியும் இடத்துக்குள் நேரே காரை விட்டுவிடுவார். வந்ததும் செய்யவேண்டியது, இறங்கி ‘கடைசி ஆள் ஆர்?’ என்று கேட்பது. பிறகு போட்டிருப்பவரிடம் இரண்டே கேள்வி:

‘அண்ணன், இப்ப எத்தனையில நிக்குது? எத்தனையில கழட்டுவீங்க?’

‘அம்பத்தெட்டு தம்பி. எழுபத்தஞ்சில கழட்டிருவன், ஒரு கால் மணித்தியாலம்.’

எப்போது முடியும் என்று மட்டும் கேட்டால் ‘கொஞ்ச நேரத்தில’ என்ற பதில்தான் வரும். வீதத்தைக் கேட்டால் இரண்டு பேருக்கும் ஒரு எல்லைக்கோடு கிடைத்துவிடும். கொழும்பு, கண்டிப் பக்கத்தில் இருந்து வந்தவரென்றால் ‘சீயட்ட கீயக் வெத்தித கலவன்னே?’ (எத்தனை வீதத்தில் கழற்றுவீர்கள்) என்று கேளுங்கள், உடைந்த சிங்களம் போதும். நாலு கார் சேர்ந்துவிட்டால் ஒரு தாளில் வாகன இலக்கத்தின் கடைசி நாலு எண்ணை வந்த ஒழுங்கில் எழுதி, காவலாளியிடமோ கடைக்காரரிடமோ கொடுத்துவிடுவது நல்லது. நினைவை நம்பினால் மூன்றாம் காரில் வாக்குவாதம் தொடங்கும். 5 வீதத்தில் வந்தவரையும், ஆஸ்பத்திரிக்கு ஆளேற்றி வந்தவரையும் இடையில் விடலாம். விட்டால் முழுச் சார்ஜுக்கு அல்ல, 15 நிமிடத்துக்கு என்று அப்போதே பேசிக்கொள்ளுங்கள்.

காரை விட்டுப் போவதென்றால் உள்பக்கமாக முன் கண்ணாடியில் ஒரு தாள்: தொலைபேசி இலக்கம், ‘75க்கு வருவேன்’, திரும்பி வரும் நேரம். துடைப்பானுக்கு அடியில் வெளியே செருகினால் கச்சான் கொண்டுபோய்விடும். மிச்சத்தை மான் தின்னும், திருகோணமலை மானுக்குத் தாளும் ஒன்றுதான் புல்லும் ஒன்றுதான். கடலுக்குள் இறங்கப்போகும் ஆள் போனைக் கரையில் வைத்துவிட்டுத்தான் போவார் என்பதால், குளிக்கும் நேரத்தை விரைவு சார்ஜ் நேரமாக வைக்காதீர்கள்.

அடுத்தவர் காரிலிருந்து கன்னைக் கழற்றலாமா என்ற கேள்வி அடிக்கடி வரும். ஓடிக்கொண்டிருக்கும் சார்ஜைத் தொடவே கூடாது. முடிந்துவிட்டது, தாளில் ‘முடிந்தால் கழற்றலாம்’ என்று இருக்கிறது என்றால் சாடெமோ கன்னைக் கழற்றலாம். அதன் பூட்டு கன்னிலேயே இருக்கிறது, சார்ஜ் நின்றதும் ‘கிளிக்’ என்று விடும். சீசீஎஸ் 2இல் பூட்டு காருக்குள். பல கார்களில் சொந்தக்காரர் திறப்பால் காரைத் திறக்கும்வரை யாராலும் கழற்ற முடியாது, இழுத்தால் பூட்டுமுள்தான் உடையும். அதனால் சீசீஎஸ் கார்க்காரர் 80க்கு அலாரம் வைத்துவிட்டுக் கிட்டவே நிற்கவேண்டும். சொந்தக் கார் விடவில்லையென்றால் கன்னைக் கொஞ்சம் உள்ளே அழுத்திப் பிடித்தபடி மீண்டும் ஒருமுறை பூட்டித் திறந்து பாருங்கள். கன்னின் பாரம் பூட்டில் தொங்கினால்தான் பெரும்பாலும் சிக்கும்.

கரண்ட் போனால் சார்ஜ் நின்றுவிடும், திரும்பி வந்தாலும் பல இயந்திரங்கள் தானாகத் தொடங்காது. போனில் செயலியைத் திறந்து பார்க்காவிட்டால் ஒரு மணித்தியாலம் கழித்து வந்து அதே வீதத்தைப் பார்ப்பீர்கள். பெரிய சிவப்புப் பொத்தான் சார்ஜை முடிப்பதற்கு உரியதல்ல, புகை, தீ, உடைந்த வயர் இவற்றுக்கு மட்டும். அதைப் பிள்ளைகள் அழுத்திவிட்டால் அம்புக்குறி காட்டும் பக்கம் திருப்பினால் வெளியே வரும். அதற்குப் பிறகும் சில இயந்திரங்கள் நிறுவனத்தார் தூரத்திலிருந்து மீட்டெடுக்கும்வரை உயிர்வராது. ஒரு விரல் பட்டதற்கு வரிசை முழுக்க நிற்கும்.

கடற்கரைப் பக்கச் சார்ஜர்களில் அதிகம் தொந்தரவு தருவது மணல். கன்னைக் கழற்றி நிலத்தில் போட்டால் அதன் வாய்க்குள் மணல் அப்பும். அடுத்தவர் கொழுவும்போது முழுதாக உட்காராது, ‘கன் பூட்டவில்லை’ என்ற பிழை வரும். அப்படி வந்தால் வாயைக் கீழே பிடித்துக் கையால் மெதுவாகத் தட்டுங்கள், உலர்ந்த துணியால் துடையுங்கள். தண்ணீரும் வேண்டாம், ஆணி, ஊசி எதுவும் வேண்டாம். மாரி மழையில் சார்ஜ் போடுவதற்குப் பயப்படத் தேவையில்லை, ஆனால் கன்னை வாய் மேலே பார்க்கப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். வயரைச் சுற்றித் தொங்கவிட்டு, கன்னை அதன் கூட்டில் செருகிவிட்டுத்தான் காரை எடுக்க வேண்டும். காரை விடும்போது உங்கள் துளை எந்தப் பக்கம் என்று பார்த்து விடுங்கள். லீஃபுக்கு மூக்கில், வேறு சிலவற்றுக்குப் பின் பக்கத்தில். குறுக்கே விட்டால் ஒரு கார் இரண்டு இடத்தை அடைக்கும்.

பெற்றோலிலும் ஓடும் பிளக்-இன் கார்களில் சிலவற்றுக்கும் சாடெமோ துளை உண்டு. சட்டப்படி அவருக்கும் உரிமை இருக்கலாம். ஆனால் பின்னால் முழு மின்சாரக் கார் நின்றால் இடம் விடவேண்டியவர் அவர்தான், அவருக்குப் பெற்றோல் ஷெட் இருக்கிறது. பிளக்கே இல்லாத சாதாரண ஹைபிரிட்டை ‘இதுவும் பற்றரி கார்தானே’ என்று நிழலுக்காக நிறுத்தியிருப்பவரிடம் கோபிக்க வேண்டாம். ‘ஐயா, இது சார்ஜ் போடுற இடம், கொஞ்சம் தள்ளி விடுறீங்களா’ என்றால் பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள்.

தங்கும் இடத்துச் சுவர்ப் பிளக்கில் இரவு போடுவதென்றால் முதலில் கேளுங்கள், யுனிட்டுக்கு எவ்வளவு என்று பேசுங்கள். 10 அம்பியரில் மணிக்கு 2.3 யுனிட் வரை போகும். பத்து மணித்தியாலத்தில் ஹபரணைக்கு வேண்டிய அளவு ஏறிவிடும். சுருள் எக்ஸ்ரென்ஷன் வயரைச் சுற்றியபடியே பாவித்தால் உள்ளே சூடேறி உருகும், கட்டாயமென்றால் முழுதாக விரித்துப் போடுங்கள். கொழுவி அரை மணித்தியாலம் கழித்துப் பிளக்கின் மேல் புறங்கையை வையுங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு என்றாலோ, பிளக் துளையைச் சுற்றி மண்ணிறமாகியிருந்தாலோ உடனே நிறுத்திவிட்டு, 6 அல்லது 8 அம்பியருக்குக் குறைத்து வேறு பிளக்கில் போடுங்கள்.