மேய்ச்சல் நிலத்தில் மீண்டும் காடு: நாற்று வாங்கும் முன் தரையைப் பாருங்கள்

காடு வளர்க்கலாம் என்று முடிவெடுத்ததும் எல்லோரும் ஓடுவது நாற்றுப் பண்ணைக்குத்தான். கொஞ்சம் பொறுங்கள். காட்டை வெட்டி மேய்ச்சலுக்கு விட்ட நிலம் என்றால், பழைய மரங்களின் வேர் அங்கே இன்னும் உயிரோடு இருக்கக்கூடும்.

ஆனால் காலங்காலமாகப் புல்வெளியாகவே இருந்த நிலத்தில் காடு வளர்க்காதீர்கள். செடிகள் காற்றிலிருந்து இழுத்த கார்பனின் பெரும்பங்கு அங்கே மண்ணுக்குள் இருக்கிறது. மரம் மூடினால் புல்லை நம்பிய உயிர்கள்தான் போகும்.

படி 1: தேடுங்கள்

மழை பெய்து துளிர்விட்ட சமயத்தில், புல்லை விலக்கிக்கொண்டே குறுக்கும் நெடுக்குமாக நடங்கள். முழங்கால் உயரப் புதர் ஏதாவது தென்பட்டால் குனிந்து அடியைப் பாருங்கள். தூர் தடித்து, முடிச்சு முடிச்சாக, நுனியெல்லாம் கடிபட்டிருந்தால் அது பெரும்பாலும் புதரே இல்லை. வருஷா வருஷம் துளிர்த்து, வருஷா வருஷம் ஆட்டு வாய்க்குப் போன மரம். பக்கத்தில் ஒரு குச்சி நட்டுத் துணி கட்டி வையுங்கள். 1983இல் நைஜர் நாட்டில் ஆஸ்திரேலிய வேளாண் வல்லுநர் டோனி ரினாடோ கவனித்தது இதைத்தான். வயல்களில் இப்படிக் கிடந்த தூர்களை வளரவிட்டே அங்கே சுமார் 50 லட்சம் ஹெக்டேரில் மரங்கள் திரும்பின.

படி 2: வேலி அடையுங்கள்

துளிர் அதிகமுள்ள பகுதிக்கு மட்டும் முதலில் வேலி போதும். கொழுந்து மாட்டுக்கு எட்டாத உயரம் போகும்வரை உள்ளே விடாதீர்கள். ஆடு பின்னங்காலில் எழும்பி நின்று மேயும், அதற்கு இன்னும் காலம் பிடிக்கும்.

படி 3: கழியுங்கள்

ஒரே தூரிலிருந்து பல கொம்புகள் கிளம்பியிருக்கும். நேராகவும் திடமாகவும் உள்ள இரண்டு மூன்றை விட்டுவிட்டு மற்றதை வெட்டுங்கள். விட்ட கொம்புகளில் கீழ்ப்பாதிப் பக்கக் கிளைகளையும் எடுங்கள். அரிவாள் கீழிருந்து மேலாகப் போகட்டும், இல்லாவிட்டால் பட்டை உரிந்து தொங்கும். வெட்டிய தழையைத் தூரைச் சுற்றியே போடுங்கள்.

தூரே இல்லாத இடத்தில் பறவை உட்காரக் கம்பு நடுங்கள், எச்சத்தில் விதை வரும். அதுவும் பலிக்கவில்லை என்றால் அப்போது நாற்று வாங்கலாம், அந்த மண்ணுக்குரிய இனங்களை மட்டும்.

படி 4: தீ

மேய்ச்சல் நின்றால் புல் உயரும், கோடையில் காயும், ஒரு பொறி போதும். கோடைக்கு முன்பே வேலியோரம் புல்லைச் செதுக்கி, வெறுந்தரையாகத் தீத்தடுப்புக் கோடு வெட்டிவிடுங்கள். மரக்கன்றுகள் ஆள் தலைக்கு மேல் போனபின் மாடுகளைச் சில நாள் உள்ளே விட்டால் புல் குறையும்.

படி 5: அளவு

தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் மரத்தின் சுற்றளவை எடுங்கள். அந்த இனத்துக்கான சூத்திரத்தில் போட்டால் உலர் எடை கிடைக்கும். அதில் சுமார் 47 சதவீதம் கார்பன். அதை 3.67ஆல் பெருக்கினால் கார்பன் டை ஆக்சைடு கணக்கு. உலர் எடை 100 கிலோ என்றால் கார்பன் 47 கிலோ, காற்றிலிருந்து இழுத்தது சுமார் 172 கிலோ.

கார்பன் கிரெடிட், அதாவது மரம் இழுத்த கார்பனைக் கணக்கிட்டு விற்கும் எண்ணம் இருந்தால், வேலி போடுவதற்கு முன்பே முதல் அளவை எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே நின்ற மரத்துக்குக் காசு கிடைக்காது. வேலிக்குப் பின் கூடியதுதான் கணக்கில் வரும்.