உங்கள் பழைய டிசைன்களிலிருந்து கற்றுக்கொள்வது எப்படி?

டிசைன் கற்க ஆரம்பித்து ஒரு வருடம் ஆகிவிட்டதென்றால், உங்கள் கணினியில் முப்பது நாற்பது வேலைகளாவது கிடக்கும். போஸ்டர், லோகோ, புத்தக அட்டை, பாதியில் விட்ட ஆப் திரைகள். இன்னொரு டுடோரியலைத் தேடிப் போகும் முன் அந்த ஃபோல்டரை ஒருமுறை திறந்து பாருங்கள். டுடோரியல் எல்லோருக்கும் பொதுவாக எழுதப்படுவது. உங்கள் கை எதற்குப் பழகிப்போயிருக்கிறது என்பதைக் காட்டுவது அந்த ஃபோல்டர்தான்.

ஒரு மாலைப் பொழுது, ஒரு நோட்டு, ஒரு பேனா. இவ்வளவு போதும்.

படி 1: பத்து வேலைகளைப் பொறுக்குங்கள்

நன்றாக வந்ததை மட்டும் எடுக்க வேண்டாம். பிடித்தது மூன்று, பிடிக்காதது மூன்று, செய்ததே மறந்துபோனது நான்கு. எல்லாம் ஆறு மாதமாவது பழையதாக இருக்கட்டும். போன வாரம் முடித்த வேலை என்றால் அதற்காகப் பட்ட பாடு இன்னும் மனதில் இருக்கும். அது கண்ணை மறைத்துவிடும்.

மூலக் கோப்பைத் திறக்கும்போது ஒரு கவனம் வேண்டும். அன்று பயன்படுத்திய எழுத்துரு இப்போது கணினியில் இல்லையென்றால் மென்பொருள் வேறொன்றை வைத்துக் காட்டும். வரிகள் இடம் மாறிவிடும். அதனால் அன்று அனுப்பிய பிடிஎஃப் அல்லது படத்தையே பாருங்கள்.

படி 2: தள்ளி நின்று பாருங்கள்

பத்தையும் ஒரே பக்கத்தில் சிறிதாக அடுக்குங்கள். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பாருங்கள். எழுத்தைப் படிக்க முடியாது. எது கனமாக நிற்கிறது, எது கரைந்துபோகிறது என்று மட்டும் தெரியும். தலைப்பு கரைந்துபோய் ஓரத்தில் இருக்கும் அலங்காரம் துருத்திக்கொண்டு நின்றால், அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் எல்லாவற்றையும் கிரேஸ்கேலுக்கு, அதாவது வண்ணமில்லாத கறுப்பு-வெள்ளை-சாம்பலுக்கு, மாற்றிப் பாருங்கள். சிவப்புப் பின்னணியில் பச்சை எழுத்து வண்ணத்தில் பளிச்சென்று இருக்கும். கிரேஸ்கேலில் இரண்டும் ஒரே சாம்பலாகிவிடலாம். திரைக்கான வேலையென்றால் கான்ட்ராஸ்டை, அதாவது எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வேறுபாட்டை, அளந்தும் பார்க்கலாம். இணையப் பக்கங்களை எல்லோராலும் பயன்படுத்த முடிய வேண்டும் என்பதற்கான டபிள்யூசிஏஜி (WCAG) விதிகளின் ஏஏ (AA) நிலை, சாதாரண அளவு எழுத்துக்கு 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1 என்ற விகிதமாவது இருக்க வேண்டும் என்கிறது. அளந்து சொல்லும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன.

படி 3: ஒவ்வொன்றிடமும் மூன்று கேள்விகள்

இது யாருக்காக, எதற்காகச் செய்தது? பார்ப்பவர் முதலில் எதைப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன், இப்போது என் கண் முதலில் எங்கே போகிறது? இந்த இடத்தில் இப்படிச் செய்ய அன்று என்ன காரணம்?

'நன்றாக இருக்கிறது', 'மோசம்' என்று எழுதவே எழுதாதீர்கள். அதை வைத்துக்கொண்டு அடுத்த வேலையில் ஒன்றும் செய்ய முடியாது. 'தேதியைவிட லோகோ பெரிதாக இருக்கிறது' என்று எழுதினால் செய்ய முடியும். மூன்றாவது கேள்விக்குப் பல இடங்களில் 'காரணம் நினைவில்லை' என்றுதான் பதில் வரும். அதையும் அப்படியே எழுதுங்கள். கை தானாகச் செய்த இடங்கள் அவை.

படி 4: திரும்பத் திரும்ப வருவதைத் தேடுங்கள்

எனக்கு இந்தப் பயிற்சியிலேயே முக்கியமானது இதுதான். ஒரு போஸ்டரில் இருக்கும் தவறு அந்தப் போஸ்டரோடு போய்விடும். பத்தில் ஆறில் வருவது உங்கள் பழக்கம்.

நான் முதன்முதலில் இப்படி உட்கார்ந்தபோது, பத்தில் ஏழு வேலைகளில் எழுத்தைச் சுற்றிப் பெட்டி போட்டிருந்தேன். மெல்லிய கோடு, வட்டமான மூலைகள். என் பாணி என்றே அதை நினைத்திருந்தேன். ஒரு போஸ்டரைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது. மென்பொருள் தானாகக் கொடுத்த, எழுத்தின் அளவில் 120 சதவீத வரி இடைவெளியை மாற்றாமலே விட்டிருந்தேன். ஆங்கில எழுத்துக்கு அது ஓரளவு ஒத்துவரும். நம் எழுத்தில் மேலே 'தீ'யின் சுழி, கீழே 'மூ'வின் வால். மேல்வரியின் வால் கீழ்வரியின் சுழியோடு முட்டிக்கொண்டு பத்தி முழுக்க நெரிசலாகிவிட்டது. எது எதோடு சேர்ந்தது என்று தெரியாமல் போகவே, பிரித்துக் காட்டப் பெட்டி போட்டிருக்கிறேன். வரி இடைவெளியை 150 சதவீதமாக்கி, பத்திகளுக்கு நடுவே அதைவிட அதிக இடம் விட்டேன். பெட்டிகளை எடுத்த பிறகும் எல்லாம் தனித்தனியாகத் தெரிந்தது. மற்ற ஆறிலும் அதே கதைதான்.

நல்ல பழக்கங்களையும் எண்ணுங்கள். எல்லா வேலைகளிலும் ஓரங்கள் சீராக இருக்கின்றனவா? வண்ணங்கள் மூன்றுக்கு மேல் போகவில்லையா? அதையும் நோட்டில் எழுதுங்கள். தெரிந்து செய்தால்தான் அவசர வேலையிலும் கைவிடாது.

படி 5: ஒன்றை மட்டும் மறுபடி செய்யுங்கள்

அதே வாசகம், அதே அளவு, இரண்டு மணி நேரம். நீங்கள் கண்டுபிடித்த ஒரு பழக்கத்தை மட்டும் மாற்றுங்கள். எல்லாவற்றையும் மாற்றினால் அது புது வேலை. எதனால் தேறியது என்று தெரியாது.

பெரிய கைகளும் இதைச் செய்திருக்கின்றன. இத்தாலிய டிசைனர் மாசிமோ விக்னெல்லி வடிவமைத்த நியூயார்க் சுரங்க ரயில் வரைபடம் 1972-ல் வந்தது. அதில் நீர்ப்பரப்பு பழுப்பாகவும் பூங்காக்கள் சாம்பலாகவும் இருந்ததால் மக்கள் குழம்பினார்கள். 1979-ல் அதற்குப் பதில் வேறு வரைபடம் வந்தது. 2008-ல் ஒரு பத்திரிகைக்காக விக்னெல்லி தன் பழைய வரைபடத்தை மறுபடி செய்தபோது, பூங்காக்களையே எடுத்துவிட்டார். ரயில் பாதைகளைக் காட்டும் நேர்க்கோடும் 45, 90 டிகிரி திருப்பங்களும் அப்படியே இருந்தன. 36 வருடம் கழித்தும் எதை எடுப்பது, எதை வைத்துக்கொள்வது என்று அவர் பிரித்துப் பார்த்ததைக் கவனியுங்கள்.

படி 6: குறித்து வையுங்கள்

கண்டுபிடித்த பழக்கத்தை ஒரே வரியில் எழுதி, புது வேலை தொடங்கும் டெம்ப்ளேட்டின் ஓரத்தில் ஒட்டுங்கள். என்னுடையதில் 'பெட்டி போடும் முன் இடைவெளியைப் பார்' என்று இருக்கிறது.

புதுக் கோப்பின் பெயரில் 'ஃபைனல் 2' என்று போடாமல் வருடத்தையும் மாதத்தையும் சேருங்கள். பழைய கோப்பின் மேலேயே சேமித்துவிடாதீர்கள். ஆறு மாதம் கழித்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.