பிள்ளைகளோடு நெல்லைக்குக் குடிவருகிறவர்களுக்கு

துபாயில் 11 வருஷம் இருந்துவிட்டு, 7 வயது மகளையும் 3 வயது மகனையும் கூட்டிக்கொண்டு பாளையங்கோட்டையில் வந்து இறங்கியபோது, வீடு, பள்ளி, கேஸ், ஆதார் என்று செய்ய வேண்டியதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அந்த நோட்டில் இல்லாதது மூன்றாம் நாளே வந்தது. தெருவில் விளையாடப் போன மகள் அழுதுகொண்டே ஓடி வந்தாள். எதிர்வீட்டு ஆச்சி திட்டுகிறார்கள் என்றாள். என்ன சொன்னார்கள் என்று கேட்டால், "ஏட்டி, இங்கன வா. தலைய இப்படி காயப் போட்டுக்கிட்டு எங்க ஓடுத?" அவ்வளவுதான். இங்கே பெண்பிள்ளையை ஏட்டி, ஏளா என்பதும் பையனை ஏல என்பதும் பிரியத்தில் கூப்பிடுவது. சத்தமாகப் பேசினாலே கோபம் என்று பழகி வந்த பிள்ளைக்கு அது எப்படித் தெரியும்? அவள் கையைப் பிடித்துக்கொண்டு நானே ஆச்சி வீட்டுக்குப் போனேன். ஆச்சி அவளை நடையில் உட்கார வைத்து, உள்ளங்கையில் தேங்காய் எண்ணெயை ஊற்றி உச்சியில் தட்டித் தட்டித் தேய்த்து, இரட்டைச் சடை பின்னி, கையில் ஒரு முறுக்கையும் கொடுத்து அனுப்பினார்கள். மறுநாள் மகளே போய் அந்த நடையில் உட்கார்ந்துகொண்டாள்.

வெளிநாட்டில் பிள்ளை வளர்ப்பது புருஷனும் பெண்டாட்டியும் கதவைச் சாத்திக்கொண்டு பார்க்கிற சோலி. இங்கே அதைத் தெருவும் சேர்ந்து பார்க்கும். அதற்கு எங்கே இடம் கொடுக்க வேண்டும், எங்கே கொடுக்கக்கூடாது என்பதுதான் முதல் வருஷம் முழுக்க நாம் பழக வேண்டியது. வளைகுடாவிலிருந்து திரும்புகிறவர்களுக்கு மட்டுமில்லை, மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ பிறந்து வளர்ந்து, தாத்தா ஊர் என்று மட்டும் திருநெல்வேலியைத் தெரிந்துவைத்துக்கொண்டு இப்போது குடும்பத்தோடு வருகிற தமிழர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். அவர்களுக்கு இதுதான் வெளிநாடு.

முதலில் வீடு. பெருமாள்புரம், மகாராஜநகர், தியாகராஜநகர், கே.டி.சி. நகர் என்று தரகர் காட்டுவார். டவுன் பக்கம் போனால் ரத வீதிகளுக்குப் பின்னால் முடுக்கு என்கிற குறுகிய சந்துகளும், ஒரே வாசலுக்குள் நாலைந்து குடும்பம் இருக்கிற வளவு வீடுகளும் இன்னும் உண்டு. எந்த ஏரியா என்றாலும் சரி, காலையில் வீட்டைப் பார்த்தீர்கள் என்றால் சாயங்காலம் ஐந்தரை மணிக்கு அந்தத் தெருவை மறுபடி ஒருமுறை போய்ப் பாருங்கள். பிள்ளைகள் வெளியே விளையாடுகிறார்களா, வாசல்படியில் பெரியவர்கள் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று பாருங்கள். ஆளே இல்லாத அழகான தெருவை விட, பந்து வந்து ஜன்னலில் விழுகிற தெரு சின்னப் பிள்ளைகளுக்கு நல்லது என்பது என் முடிவு. அப்புறம், கீழ்வீடு என்றால், 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் இங்கே தண்ணீர் எவ்வளவு ஏறியது என்று பக்கத்து வீட்டில் கட்டாயம் கேளுங்கள். தரகரிடம் கேட்காதீர்கள். அந்த வெள்ளத்தில் ஜங்ஷன் பகுதியும் கொக்கிரகுளமும் முங்கிக் கிடந்ததைப் பார்த்தவர்கள் கையை இடுப்பளவில் வைத்தே காட்டுவார்கள்.

குடிவந்த வாரத்தில் யாராவது ஒரு தூக்குவாளியில் ஏதாவது கொண்டு வருவார்கள். எங்களுக்கு வந்தது சொதி, கூடவே ஒரு கிண்ணத்தில் இஞ்சிப் பச்சடி. தேங்காய்ப் பாலில் வைக்கிற இந்தச் சொதி கல்யாண வீட்டில் மறுவீட்டன்று போடுகிற சாப்பாடு. அதைச் சும்மா ஒரு நாள் செய்து கொடுத்தனுப்பினார்கள் என்றால் உங்களை மதித்துச் செய்தது என்று அர்த்தம். அந்த ஏனத்தைக் கழுவி வெறுமனே திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். நாலு வாழைப்பழமோ கொஞ்சம் சீனியோ போட்டுக் கொடுத்தால் போதும். அதையும் பிள்ளை கையில் கொடுத்தனுப்புங்கள். எந்த வீட்டில் யார் மதினி, யார் அத்தை, யார் அண்ணாச்சி என்று பிள்ளைகள் படித்ததெல்லாம் இப்படி ஏனம் கொண்டு போய்த்தான்.

கேள்விகள் வரும். எப்ப வந்திய, ஏன் வந்திய, அவுக வரலையா, அங்கே எவ்வளவு சம்பளம். என் வீட்டுக்காரர் இரண்டு வருஷம் கழித்துத்தான் வந்தார். அதுவரை தினமும் யாராவது கேட்டார்கள். பெரியவர்களுக்கு நாம் ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் "அப்பா ஏன் வரல" என்று பிள்ளையிடம் கேட்டபோது அவள் முகம் வாடியதை நான் பார்த்தேன். அன்றே நாலு வீட்டுக்குப் போய், பிள்ளையிடம் மட்டும் இதைக் கேட்காதீர்கள் என்று நேராகச் சொன்னேன். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. இங்கே பட்டென்று சொன்னால் பட்டென்று புரிந்துகொள்வார்கள். மனதுக்குள் வைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பினால்தான் பகை.

பள்ளிக்கூடம் பெரிய சோலி. பள்ளி ஜூனில் திறக்கும், நல்ல பள்ளிகளில் சேர்க்கை அதற்கு வெகு முன்னாலேயே முடிந்துவிடும், அதனால் அங்கிருந்து கிளம்பும் முன்பே பேசி வையுங்கள். டிசியில், அதாவது மாற்றுச் சான்றிதழில், அங்கே வாங்க வேண்டிய அத்தாட்சி முத்திரையெல்லாம் வாங்கிவிட்டு விமானம் ஏறுங்கள், இங்கே வந்தபின் அதற்கு அலைவது பெரும்பாடு. நாங்கள் முதலில் போன ஒரு பள்ளியில், தமிழ் எழுதத் தெரியவில்லை, ஒரு வகுப்பு இறக்கித்தான் போடுவோம் என்றார்கள். மகள் என் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் சம்மதிக்கவில்லை. 6 முதல் 14 வயதுவரை உள்ள பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும், சேர்க்கைக்குத் தேர்வு வைக்கக்கூடாது என்பது 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் போக்கு. ஆனால் சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளை அந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது, பாளையங்கோட்டையின் பேர்பெற்ற பழைய பள்ளிகளில் பல மிஷனரிகள் தொடங்கியவை. ஆகவே சட்டத்தைக் காட்டிச் சண்டை போடுவதற்கு முன்னால் அது எந்த வகைப் பள்ளி என்று விசாரித்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு இரண்டாவது பள்ளியில் வயதுக்குரிய வகுப்பே கிடைத்தது. அந்த டீச்சர் "தமிழ் ஆறு மாசத்துல வந்துரும், நீங்க பயப்படாதிய" என்றார். காது கேளாத பிள்ளை உள்ளவர்கள் பாளையங்கோட்டையில் பிளாரன்ஸ் சுவைன்சன் தொடங்கிய நூற்றாண்டு கடந்த பள்ளி இருப்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். அதற்காகவே வெளியூரிலிருந்து இங்கே குடிவருகிறவர்கள் உண்டு.

தமிழ் இங்கே விருப்பப் பாடம் இல்லை. 2006இல் வந்த தமிழ் கற்றல் சட்டப்படி ஒன்றாம் வகுப்பில் தொடங்கிப் படிப்படியாகப் பத்தாம் வகுப்புவரை கட்டாயமாக்கியிருக்கிறார்கள். சின்ன வகுப்பில் வருகிற பிள்ளைக்குப் பிரச்சினை இல்லை. ஒன்பது, பத்தில் வந்து சேருகிற பிள்ளை அங்கே இந்தியோ பிரெஞ்சோ படித்திருந்தால், அதற்கு என்ன வழி என்று சேர்க்கும் அன்றே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கும்போது ஓடாதீர்கள். என் மகள் எழுத்துக் கூட்டிப் படித்தது டியூஷனில் இல்லை, பஸ் போர்டில். சமாதானபுரம் ஸ்டாப்பில் நின்றுகொண்டு வருகிற பஸ்ஸையெல்லாம் படிப்பாள். ஜங்ஷன் என்ற போர்டை "ஜ, ங், ஷ" என்று அவள் திணறும்போது பஸ்ஸே போய்விடும், அடுத்த பஸ்ஸுக்கு நிற்போம். "மேலப்பாளையம்" என்பதை ஒரே மூச்சில் படித்த அன்று, பக்கத்தில் நின்ற ஒரு பாட்டையா கைதட்டினார்.

இனி எழுதப்போவதைக் கவனமாகப் படியுங்கள். இங்கே உங்கள் பிள்ளையிடம் மூன்று கேள்வி கேட்பார்கள். சொந்த ஊர் எது, அங்கே எந்தத் தெரு, உங்க சாஸ்தா, அதாவது குடும்பத்துச் சாமி, எது. பாதிப்பேர் உறவு தேடிக் கேட்பார்கள், மீதிப்பேர் சாதி தெரிந்துகொள்ளக் கேட்பார்கள். பிள்ளைக்கு அந்த வித்தியாசம் தெரியாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பிளஸ் டூ மாணவரைக் கூடப் படித்த பையன்களே சாதி வெறியில் வீடு புகுந்து வெட்டினார்கள், தடுக்கப் போன தங்கையையும் வெட்டினார்கள். அதன்பிறகு அரசு, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு போட்டது. 2024 ஜூனில் அவர் கொடுத்த அறிக்கையில் மாணவர்கள் கையில் சாதியைக் காட்டும் கலர்க் கயிறு கட்டக்கூடாது என்பதும் ஒன்று. அறிக்கை படித்த எனக்கு இது ஏதோ தூரத்துச் சங்கதி என்றுதான் தோன்றியது. பிறகு ஒரு நாள் என் மகனே மணிக்கட்டில் ஒரு கயிற்றோடு வந்தான். டியூஷனில் ஒரு அண்ணன் கட்டிவிட்டானாம், நம்ம ஆள் என்று சொன்னானாம். அவனுக்கு அது விளையாட்டு, அந்த அண்ணனைப் போலத் தானும் ஆனதில் பெருமை. நாங்கள் அதட்டவில்லை. மடியில் உட்கார வைத்து, கோயிலில் கட்டுகிற கயிறு வேறு, இது யார் நம்ம ஆள், யார் இல்லை என்று பிரிக்கக் கட்டுகிற கயிறு, உன் பக்கத்துப் பெஞ்சில் இருக்கிறவனுக்கு இதைப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று கேட்டோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான், பிறகு அவனே கத்தரிக்கோல் எடுத்து வந்தான். அந்த அண்ணனுடைய அம்மாவையும் போய்ப் பார்த்தேன். அவருக்கும் தெரிந்திருக்கவில்லை. கேள்வி கேட்கிறவர்களுக்கு ஊர்ப் பெயர் மட்டும் சொல், மற்றதை அம்மாவிடம் கேட்கச் சொல் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்.

அதற்காகச் சாஸ்தா கோயிலுக்குப் போகாதீர்கள் என்று சொல்லவில்லை. பங்குனி உத்திரத்துக்கு ஊரே காலியாகி, குளத்தங்கரையிலும் காட்டிலும் இருக்கிற தத்தம் சாஸ்தாவைத் தேடிப் போகும். மரத்தடியில் பொங்கல் வைத்து, ஒன்றுவிட்ட, இரண்டுவிட்ட சொந்தமெல்லாம் ஒரே ஜமுக்காளத்தில் உட்காரும். வீடியோ காலில் மட்டும் பார்த்த பெரியப்பா பிள்ளைகளோடு என் பிள்ளைகள் புழுதியில் புரண்டது அங்கேதான். பக்கத்தில் சர்ச் அசனம் என்று ஊர் விருந்துக்குக் கூப்பிட்டாலும் போங்கள், மேலப்பாளையத்து சிநேகிதி வீட்டு நோன்புக் கஞ்சிக்கும் போங்கள். நாம் போகிற வீடுகளைப் பார்த்துத்தான் பிள்ளைக்கு யாரெல்லாம் நம்ம ஆள் என்று தெரியும்.

காகித வேலை சுருக்கமாக. இந்தியப் பாஸ்போர்ட் உள்ள பிள்ளைக்கு ஆதார் எடுக்க 182 நாள் காத்திருக்க வேண்டாம், வந்ததுமே எடுக்கலாம். வெளிநாட்டுக் குடியுரிமையோடு ஓசிஐ அட்டை உள்ளவர்கள் அவ்வளவு நாள் இங்கே தங்கியிருக்க வேண்டும். 5 வயதிலும் 15 வயதிலும் கைரேகையைப் புதுப்பிக்க மறக்காதீர்கள். தடுப்பூசி அட்டையை எடுத்துக்கொண்டு பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு புதன்கிழமை போனால் விட்டுப்போன ஊசி எது என்று நர்சு பார்த்துச் சொல்வார், பணம் கிடையாது. முதல் இரண்டு மாதம் தண்ணீரைக் காய்ச்சிக் கொடுங்கள்.

ஆற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். குறுக்குத்துறையில் தாமிரபரணியைப் பார்த்த பிள்ளை, நீச்சல்குளத்தில் படித்த பிள்ளை, உடனே இறங்கத்தான் பார்க்கும். மேலே அமைதியாக ஓடும். அடியில் மணல் அள்ளிய பள்ளம் எங்கே என்று உள்ளூர்க்காரர்களுக்கே சில இடத்தில் தெரியாது, மலையில் மழை பெய்தாலோ அணையைத் திறந்தாலோ வேகம் சட்டென்று மாறும். தெருப் பையன்களோடு ஆற்றுக்கு அனுப்பவே அனுப்பாதீர்கள். பெரியவர் ஒருவர் இறங்கி நின்று, படித்துறையிலேயே குளிக்கட்டும்.

தெரு பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் என்று சொன்னேன், ஆனால் எல்லா வீட்டுக் கதவும் திறந்திருக்கிற ஊரில் பிள்ளைக்குத் தன் உடம்பைப் பற்றித் தெளிவாகச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். யார் தொட்டது பிடிக்கவில்லை என்றாலும், அது மாமாவோ தாத்தாவோ, வீட்டில் வந்து சொல்ல வேண்டும், சொன்னால் நம்புவோம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை மகளுக்கும் மகனுக்கும் மனப்பாடமாக்கியிருக்கிறேன். அதேபோல, பிரியத்தில் காதைத் திருகுவதும் முதுகில் ஒன்று வைப்பதும் இங்கே சாதாரணம். எங்கள் பிள்ளையை நாங்கள் அடிப்பதில்லை, நீங்களும் அடிக்காதீர்கள் என்று ஆச்சியிடம்கூடச் சொன்னேன். ஆச்சி ஒரு வாரம் பேசவில்லை. அப்புறம் அவர்களே வந்தார்கள்.

வந்தது மார்கழி முதல் தேதி, விடியக்கருக்கலில், பசுஞ்சாணி உருண்டையோடு. கோலத்தின் நடுவில் அதை வைத்து, மேலே பூசணிப்பூவைச் செருக வேண்டும் என்று மகளுக்குக் காட்டிக்கொடுத்தார்கள். அந்தப் பூவையும் சாணியையும் அன்றன்று தட்டிக் காயவைத்து, மாதம் முழுக்கச் சேர்த்து, தை பிறந்ததும் வாசலில் மண்ணால் சின்ன வீடு கட்டி, அதன் முன்னால் பெண்பிள்ளைகளே பொங்கல் வைப்பார்கள். சிறுவீட்டுப் பொங்கல் என்று பெயர். பிறகு அந்தக் காய்ந்த எருவை ஆற்றுக்குக் கொண்டுபோய், சூடம் ஏற்றித் தண்ணீரில் விடுவார்கள். மகனும் கூடவே நின்று அழுததால் மண் சுமக்கிற வேலையை ஆச்சி அவனுக்குக் கொடுத்தார்கள். இதற்கு எந்த ஏற்பாடும் பெரிதாக வேண்டாம். பூசணிப்பூ மட்டும் முதல் நாள் சாயங்காலமே பூக்காரம்மாவிடம் சொல்லி வைத்துவிடுங்கள், விடிந்தபின் கேட்டால் கிடைக்காது.