எல்பூருக்கு முதல் தடவை போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாங்கள் இருப்பது இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவின் கிழக்குக் கரையில், சேந்தாந்த்ரேயில். இங்கிருந்து பார்த்தால் மலைச்சுவரில் ஒரு பெரிய இடைவெளி தெரியும். ரிவியேர் தியு மா ஆறு வெளியே வரும் வாசல் அதுதான். அதற்குள் போனால் சலாசி, இன்னும் மேலே ஏறினால் எல்பூர். புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் வரும் சொந்தக்காரர்கள் எல்லாரும் எல்பூருக்கு ஒரு நாள் ஒதுக்குகிறார்கள். பாதிப்பேர் முகம் வாடித்தான் திரும்பி வருகிறார்கள். "பனியைத் தவிர ஒன்றும் தெரியவில்லை" என்பார்கள். முதல் தடவை போனபோது எனக்கும் அதேதான் நடந்தது. ஊரில் குறையில்லை. நாங்கள் போன நேரம்தான் தப்பு.

காலையில் நிதானமாக இட்லி சாப்பிட்டுவிட்டு, பத்து மணிக்குக் கிளம்பி, பதினொன்றரைக்குப் போய்ச் சேர்வதுதான் எல்லாரும் செய்யும் முதல் தவறு. சலாசி சுற்றிலும் செங்குத்தான மலைகள் நிற்கும் ஒரு பெரிய கிண்ணம். 'சிர்க்' என்பார்கள். அந்தக் கிண்ணத்தின் வாய் கிழக்கே கடலைப் பார்த்துத் திறந்திருக்கிறது. வெயில் ஏற ஏற, கடலிலிருந்து வரும் ஈரக்காற்று அந்த வாய் வழியாக உள்ளே புகுந்து மலையில் ஏறி மேகமாகிவிடும். பெரும்பாலான நாட்களில் பத்து, பதினொரு மணிக்குள் மலை முடிகள் மறைந்துபோகும். விடியற்காலையில் வெளியே வந்து நின்றால், தீவிலேயே உயரமான 3,070 மீட்டர் பித்தோன் தெ நேழ் சிகரம் தலைக்கு மேலே நிற்கும். அதைப் பார்த்தவர்களும் பார்க்காதவர்களும் இரண்டு வேறு ஊர்களுக்குப் போய் வந்தவர்கள் மாதிரிதான் பேசுவார்கள்.

ஆகவே முந்தின நாள் மாலையே மேலே போய் ஓர் இரவு தங்குங்கள். என்னைக் கேட்டால் இரண்டு இரவு. "ஒரு மணி நேரத் தொலைவுக்கு எதற்கு ரூம் போடணும்?" என்று என் தங்கை கணவர் கேட்டார். மறுநாள் காலை ஆறரை மணிக்குத் தெருவில் அவரோடு நடந்தேன். அப்புறம் அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

அந்தக் காலை நடையில் வீடுகளைப் பாருங்கள். ஆங்கிலம் தெரிந்தவர்கள் பெயர்ப்பலகையில் Hell-Bourg என்று படித்துவிட்டு நரகமா என்று கேட்கிறார்கள். 1838 முதல் 1841 வரை இந்தத் தீவின் ஆளுநராக இருந்த தெ எல் என்பவரின் பெயர் அது. சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்த ஊருக்கு, கரையோரத்துக் கரும்பு முதலாளிகள் கோடையில் குடும்பத்தோடு ஏறி வருவார்கள். 'ஷான்ஷ்மான் தேர்', அதாவது காற்று மாற்றம் என்று அதற்குப் பெயர். அவர்கள் கட்டிய மரவீடுகள் இன்னும் நிற்கின்றன. கூரை ஓரத்தில் சரிகை போல் வெட்டிய தகட்டுக்கு லாம்ப்ரெக்கேன் என்று பெயர். மழைநீர் சுவரில் படாமல் சொட்டுவதற்கும் அது உதவுகிறது. தோட்டத்துச் சுவர் மூலையில் சின்ன மண்டபம் போல் இருந்தால் அது கெத்தலி. வீட்டார் உள்ளே உட்கார்ந்தபடி தெருவில் போகிறவர்களைப் பார்ப்பதற்காகக் கட்டியது. நம் பக்கத்துத் திண்ணைக்கு ஒருவகையில் சொந்தம்.

அழகாக இருக்கிறதே என்று கேட்டைத் திறந்துகொண்டு படம் எடுக்கப் போய்விடாதீர்கள். பெரும்பாலானவை ஆட்கள் குடியிருக்கும் வீடுகள். உள்ளே பார்க்க ஆசையிருந்தால் மேசோன் ஃபோலியோவுக்குப் போகலாம். அங்கே வீட்டையும் தோட்டத்தையும் சுற்றிக்காட்டுவார்கள். இந்தியப் பெருங்கடல் நாடுகளின் இசைக்கருவிகளுக்கான அருங்காட்சியகமும் இந்த ஊரில் இருக்கிறது. மழை பிடித்துக்கொண்டால் அங்கே இரண்டு மணி நேரம் போவது தெரியாது.

வெந்நீர் ஊற்றில் குளிக்கலாம் என்று துண்டோடு வருகிறவர்களும் உண்டு. அந்த ஊற்றால்தான் 19ஆம் நூற்றாண்டில் இந்த ஊர் பெயர் பெற்றது. ஆனால் 1948 புயலின்போது மண் சரிந்து ஊற்று அடைபட்டுப் போனது. இப்போது பழைய குளியல் கட்டடத்தின் இடிபாடுகளைத்தான் பார்க்க முடியும். வெந்நீர்க் குளியல்தான் வேண்டுமென்றால் சிலாவோஸுக்குப் போக வேண்டும். இங்கேயும் ஒரு தவறு காத்திருக்கிறது. வரைபடத்தில் சிலாவோஸ் பக்கத்து வீடு போலத் தெரியும். நடுவே மலை நிற்கிறது, கார் போகும் பாதை கிடையாது. கீழே இறங்கி, கரையோரமாகத் தீவைச் சுற்றிப்போய், சேன் லூயியிலிருந்து நானூற்றுக்கும் மேற்பட்ட வளைவுகளைக் கடந்து ஏற வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் வைக்காதீர்கள்.

மாதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மே, ஜூன் விடுமுறைக்கு ஊரிலிருந்து வருகிறவர்கள் அங்கே அடிக்கும் வெயிலை நினைத்துக்கொண்டு பருத்திச் சட்டையோடு இறங்குகிறார்கள். பூமத்திய ரேகைக்குத் தெற்கே அது குளிர்காலம். ஜூலை, ஆகஸ்ட் இரவுகளில் எல்பூரில் 10 டிகிரிக்குப் பக்கத்தில் போகும், பல தங்கும் வீடுகளில் ஹீட்டர் இருக்காது. ஸ்வெட்டரும் மழைக்கோட்டும் எல்லா மாதத்துக்கும் வேண்டும். நடப்பதற்கு மே முதல் நவம்பர் வரை நல்ல காலம்.

ஜனவரி முதல் மார்ச் வரை புயலும் பெருமழையும். இதை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பக்கத்துச் சிலாவோஸில் 1952 மார்ச்சில் 24 மணி நேரத்தில் 1,870 மில்லிமீட்டர் மழை பதிவாகியிருக்கிறது. சென்னையில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதைவிட அதிகம். சலாசியிலேயே 1875ல் கிரான் சாப்ள் என்ற இடத்தில் மலை சரிந்து அறுபது பேருக்கு மேல் புதைந்து போனார்கள். இப்போதும் பெருமழைக்குப் பிறகு பாதையில் கல் விழும், சாலையை மூடுவார்கள். கிளம்புமுன் பிரெஞ்சு வானிலைத் துறையான மெத்தேயோ பிரான்ஸின் எச்சரிக்கையைப் பாருங்கள். ஆரஞ்சு என்றிருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். ரூமுக்குக் கட்டிய பணம் போனால் போகட்டும்.

ஆற்றுத் தண்ணீரும் அப்படித்தான். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்தாலும் மேலே பெய்த மழை சில நிமிடத்தில் வெள்ளமாக வந்துவிடும். மழைக்குப் பிறகு தேங்கிய நீரில் குழந்தைகளை இறக்காதீர்கள். எலிக்காய்ச்சல் இந்தத் தீவில் உண்மையான ஆபத்து. காலில் புண் இருந்தால் இன்னும் கவனம்.

நடக்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது த்ரூ தெ ஃபேர் அருவியைத்தான். எல்பூரிலிருந்து முதலில் பெலூவ் காட்டுக்கு ஏற வேண்டும், செங்குத்தான ஏற்றம், ஒன்றரை இரண்டு மணி நேரம். அங்கிருந்து சேற்றுப்பாதையில் இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் நடந்தால்தான் அருவியைப் பார்க்கும் மேடை வரும். போய் வர முழு நாள். செருப்போடு கிளம்பிப் பாதியில் திரும்பியவர்கள் எனக்குத் தெரிந்தே நாலு பேர். முட்டி வலி உள்ள பெரியவர்கள் பிளேன் தெ பால்மிஸ்த் பக்கமாகக் காரில் பெலூவுக்கு வந்தால் ஏற்றம் மிச்சம். அந்தக் காட்டு மரங்களைத் 'தாமரேன்' என்பார்கள், புளியமரம் என்று நினைத்துவிடாதீர்கள். அது கருவேல இனத்தைச் சேர்ந்த மலைமரம், பாசி படர்ந்து வளைந்து கிடக்கும். பாதை திறந்திருக்கிறதா என்று முந்தின நாளே விசாரியுங்கள். குளிர்காலத்தில் ஆறு மணிக்குள் இருட்டிவிடும், கையில் டார்ச் இருக்கட்டும். ஆபத்து என்றால் 112.

சாப்பாட்டில் ஏமாறுவது சுலபம். மதியம் இரண்டு மணிக்கு மேல் போனால் அடுப்பை அணைத்திருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை தீவு முழுவதும் மலைக்கு வரும், முன்கூட்டிச் சொல்லாமல் இடம் கிடைக்காது. இரவுச் சாப்பாடு தங்கும் வீட்டிலேயே வேண்டுமென்றால் ரூம் போடும்போதே சொல்லுங்கள். சைவம் என்றால் அதையும் அப்போதே. 'கரேம்' என்று சொன்னால் பலருக்குப் புரியும். இங்குள்ள தமிழ் வம்சத்தார் விரதத்துக்குச் சொல்லும் வார்த்தை அது.

அவர்களைப் பற்றியும் ஒன்று. மல்பார் என்று அழைக்கப்படும் அவர்களின் முன்னோர், 1848ல் அடிமை முறை ஒழிந்த பிறகு பெருந்தொகையாகக் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்டவர்கள். முகத்தைப் பார்த்ததும் தமிழில் ஆரம்பித்து, பதில் வராவிட்டால் "தமிழை மறந்துவிட்டார்களே" என்று அவர்கள் எதிரிலேயே பேசுவது மனதைப் புண்படுத்தும். பேச்சு போய்விட்டது, கோவிலும் காவடியும் தீமிதியும் போகவில்லை. கறிவேப்பிலை கலுப்பிலே ஆகியும், முருங்கை மூரோங் ஆகியும் சமையலறையில் இருக்கின்றன. யாராக இருந்தாலும், கடையோ பஸ்ஸோ, முதலில் 'போன்ஜூர்' சொல்லுங்கள். அதைச் சொல்லாமல் விலை கேட்டால் இங்கே மரியாதைக் குறைவு.

இறங்கும் வழியில் 'மணப்பெண்ணின் முகத்திரை' அருவி வரும். வளைவில் காரை நிறுத்தாமல், ஒதுக்கிய இடம் பார்த்து நிறுத்துங்கள். சாலையோரம் சரிவெல்லாம் படர்ந்திருப்பது நம் சௌசௌ, இங்கே ஷூஷூ. காயைச் சாம்பாரில் போட்டுத்தான் நமக்குப் பழக்கம். இவர்கள் கொழுந்தையும் கீரையாக வதக்குகிறார்கள், சோற்றோடு அவ்வளவு ருசி. வழியில் விற்றால் ஒரு கட்டு வாங்கி அன்று இரவே சமைத்துவிடுங்கள், மறுநாள் வாடிவிடும்.