கல்யாண வாழ்த்து மடலில் தேதியை ஒளித்து எழுதுவது எப்படி?

ராமநாதபுரத்தில் சின்னதாக ஓர் அச்சகம் வைத்திருக்கிறேன். கீழக்கரை, மண்டபம், தங்கச்சிமடம், ஏர்வாடி என்று கரையோர ஊர்க் கல்யாணங்களுக்கு 28 வருடமாக வாழ்த்து மடல் எழுதி அடித்துத் தருகிறேன். போன மாதம் மீனவர் சங்கத்தார் நாலு பேர் வந்தார்கள். ஊருக்கு நிறையச் செய்த ஒரு பெரிய வீட்டில் ஆகஸ்ட் 27 கல்யாணம். சங்கத்தின் பெயரில் கண்ணாடி பிரேம் போட்ட மடல் வேண்டும். "இங்கிலீஷ்லயே அடிச்சிருங்கண்ணே, அவங்க படிச்சவங்க" என்றார் ஒரு தம்பி. வேண்டாமப்பா என்றேன். அன்றைக்கு அவர்களிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஐரோப்பாவில் அரச குடும்பத்துக் கல்யாணம் வந்தால், அங்கிருந்த யூதச் சமூகத்தார் எபிரேய மொழியில் வாழ்த்துப்பா எழுதி, அழகாக அச்சிட்டு அரண்மனைக்குக் கொடுப்பது உண்டு. அரண்மனையில் எபிரேயம் படிக்கிறவர் யார்? அது அவர்களுக்கும் தெரியும். அதனால் நாட்டு மொழியில் மொழிபெயர்ப்பைப் பக்கத்திலேயே வைத்தார்கள். ஆனால் வாழ்த்து மட்டும் தங்கள் வேத மொழியில். தங்களிடம் இருந்ததில் உயர்ந்தது அதுதான் என்று நினைத்தார்கள். நீங்களும் முதலில் உங்கள் மொழியில் எழுதுங்கள். மொழிபெயர்ப்பு வேண்டுமென்றால் எதிர்ப்பக்கத்தில் போடலாம்.

என்ன எழுதுவது என்று தெரியாவிட்டால் பைபிளில் 45-ம் சங்கீதத்தை எடுத்துப் பாருங்கள். ராஜாவின் கல்யாணத்துக்கென்றே பாடியது. தங்கச்சிமடம் பக்கத்து வீடுகளில் பைபிள் இருக்கும், கேட்டால் தருவார்கள். பாடுகிறவன் முதலில் தன் மனசு பொங்குவதைச் சொல்கிறான். அப்புறம்தான் ராஜாவின் அழகு, நீதி, கல்யாண உடையில் வீசும் வாசனை, ஓப்பீர் என்ற தேசத்துத் தங்கம் அணிந்து வலப்பக்கம் நிற்கும் ராணி. எல்லாமே கண்ணால் பார்க்கிற பொருள். 'பதினாறும் பெற்று' என்று எல்லாருக்கும் எழுதுவதையே எழுதாமல், அந்த வீட்டுக்கே உரிய ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். சங்கத்தார் சொன்னது: புயல் நேரத்தில் அந்த வீட்டு வாசலில் விடிய விடிய உலை கொதித்தது. அதைவிட வேறென்ன வேண்டும்?

சரி, தேதிக்கு வருகிறேன். கீழக்கரைப் பக்கம் அழைப்பிதழின் தலையில் 786 இருக்கும். 'பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்' என்ற வாக்கியத்தின் அரபு எழுத்துகளுக்குரிய எண்களைக் கூட்டினால் வருவது அது. அலிஃப் 1, பா 2, ஜீம் 3, தால் 4. எபிரேயத்திலும் இதே வரிசைதான்: அலெஃப் 1, பேத் 2, கிமெல் 3, தாலெத் 4. யூதர்கள் தங்கள் வாழ்த்தில், எழுத்துகளைக் கூட்டினால் கல்யாண வருடம் வருகிற மாதிரி ஒரு வேத வாக்கியத்தைத் தேடி எடுத்து, அந்த எழுத்துகளைப் பெரிதாக அச்சிடுவார்கள். ஆயிரத்தை விட்டுவிடுவது வழக்கம். 2025 செப்டம்பரில் பிறந்த யூத ஆண்டு 5786. நாலு எழுத்தில் 400, 300, 80, 6 என்று எழுதுவார்கள். கூட்டினால் 786! கீழக்கரைக்காரர் ஒருவரிடம் இந்தக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டினேன். வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

தமிழில் இது இன்னும் சுலபம். நம் எண்களே எழுத்து மாதிரிதான் இருக்கும்: க 1, உ 2, ச 4, எ 7, அ 8. 27-8 என்றால் உ, எ, அ. மூன்று வரிகளை இந்த எழுத்துகளில் தொடங்குங்கள். நாலாவது வரியில் உங்கள் ஊர் வரட்டும்.

உலைகொதித்த வாசலிலே உறவாய் நின்றோம்
எங்கள்பசி அறிந்தமனை இன்று பூக்க
அலைதொட்ட கரைபோல அகலா தென்றும்
மண்டபத்தார் வாழ்த்துகிறோம், வாழ்க நன்றே.

முதல் மூன்று எழுத்தைச் சிவப்பில் போட்டால் போதும். 3-ம் தேதி வந்தால் சிக்கல். 3-க்கு உரிய ங-வில் தொடங்கும் சொல் கிடைக்காது. அப்போது தமிழ் மாதத் தேதியைப் பாருங்கள்.

அச்சில் ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். அரபு வரி சேர்ப்பதென்றால், புரூப்பை அந்த எழுத்துத் தெரிந்தவரிடம் காட்டாமல் அடிக்காதீர்கள். வலமிருந்து இடம் போகவேண்டிய வரியை என் கணினி திருப்பிப் போட்டு, சேரவேண்டிய எழுத்துகளைத் தனித்தனியாகப் பிரித்துவிட்டது. எனக்கு அது தெரியவில்லை. 200 மடல் அடித்த பிறகு மாப்பிள்ளையின் பெரியத்தா பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் அந்த வரியை விரலால் மூடிக்கொண்டார். அவ்வளவையும் என் செலவில் மறுபடி அடித்தேன்.

மடலைக் கொடுக்கும்போது பிரேமை மட்டும் நீட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். உங்களில் குரல் உள்ள ஒருவர் மேடையில் வாசிக்கட்டும். அப்புறம் அந்த மூன்று சிவப்பு எழுத்தையும் பொண்ணு மாப்பிள்ளைக்கு விரல் வைத்துக் காட்டுங்கள்.