மூன்றடி அத்தப்பூ: முதல் தடவை போடுகிறவர்களுக்கு

இலையுதிர் காலம் என்பதை நாம் பாடப்புத்தகத்தில் படித்ததோடு சரி. கன்னியாகுமரி மாவட்டத்தில் மொத்தமாக இலை கொட்டுவது ரப்பர் தோட்டத்தில்தான், அதுவும் மார்கழி, தை வாக்கில். இங்கே பருவம் மாறுவதைச் சொல்வது பூ. ஆடிச் சாரல் ஓய்ந்து ஆவணி பிறந்தால் வேலியோரம் தும்பை வெள்ளை வெள்ளையாக நிற்கும், தோவாளைப் பூச்சந்தையில் கேந்தி (செண்டுமல்லி) மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். 1956 நவம்பரில்தான் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேர்ந்தோம் என்பதால் ஓணம் எல்லைக்கு அந்தப்பக்கமே நின்றுவிடவில்லை. தமிழ் பேசும் வீட்டு முற்றத்திலும் அத்தப்பூ, அதாவது ஓணத்துக்குப் போடும் பூக்கோலம், உண்டு.

முறைப்படி என்றால் அத்த நட்சத்திரம் தொடங்கித் திருவோணம் வரை பத்து நாளும் போட வேண்டும். முதல் நாள் தும்பை மட்டும், ஒரே வட்டம். நாளுக்கு நாள் கோலம் பெரிதாகும். செம்பருத்திக்கு மூன்றாம் நாளான சோதி வரை காத்திருக்க வேண்டும், ஏழாம் நாளான மூலத்தில் சதுரமாகப் போடுவார்கள். வேலைக்குப் போகிறவர்களுக்கு இதெல்லாம் நடக்காது. திருவோணத்தன்று ஒன்று போடுங்கள், போதும். கீழே சொல்வது அதற்குத்தான்.

இடம். முதலில் காற்று எந்தப்பக்கம் அடிக்கிறது என்று பாருங்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று ஆவணியிலும் முழுசாக அடங்காது. திறந்த முற்றத்தைவிடத் திண்ணையோ வரவேற்பறையோ நல்லது. மண்தரை என்றால் முந்தின நாளே சாணம் மெழுகிக் காயவிடுங்கள்.

பூ. மூன்றடி அகலக் கோலத்துக்குக் கேந்தி ஒன்றேகால் கிலோ, வெள்ளைச் செவ்வந்தி முக்கால் கிலோ, வாடாமல்லி அரைக்கிலோ வேண்டும். தோவாளைக்கு விடிவதற்கு முன்னே போய்விடுங்கள். மாணிக்கமாலை என்கிற பூமாலைக்கு 2025இல் புவிசார் குறியீடு வாங்கிய ஊர், பூவைப் பற்றி அவர்களிடம் வாயடிக்க முடியாது. விலையைப் பற்றி வேண்டுமானால் கொஞ்சம் முயலலாம். திருவோணத்துக்கு முந்தின நாளான உத்திராடத்தன்று அந்தப் பேச்சும் எடுபடாது. அதற்கும் முந்தின நாள் பூராடத்தன்றே வாங்கி, ஈரத்துணியில் முழுப்பூவாகவே வைத்துக்கொள்ளுங்கள். இதழைப் பிய்ப்பது கடைசி இரவு வேலை. பிய்த்த இதழைப் பிளாஸ்டிக் பையில் அமுக்கிக் கட்டினால் உள்ளே சூடேறி, வியர்த்து, காலையில் கருத்துக் கிடக்கும். முறத்திலோ செய்தித்தாளிலோ பரப்பி வையுங்கள்.

வரைவது. புதியவர்கள் பயப்படுகிற இடம் இதுதான். ஒரு நூலும் சாக்பீஸும் போதும். நடுவில் ஒருவர் நூலை விரலால் அழுத்திப் பிடிக்க, பதினெட்டு அங்குல நூலில் ஒரு வட்டம், பன்னிரண்டு அங்குலத்தில் உள்ளே இன்னொரு வட்டம். இப்போது அந்தப் பன்னிரண்டு அங்குல நூலை மாற்றாமல், உள்வட்டத்தின் கோட்டில் எங்காவது ஒரு புள்ளி வையுங்கள். அங்கிருந்து நூல் நீளத்துக்கு அடுத்த புள்ளி, அதிலிருந்து அடுத்தது. ஆறாவது புள்ளி வைத்தபின் நூல் மிகச்சரியாக முதல் புள்ளியிலேயே வந்து சேரும். சேரவில்லையென்றால் நூல் தளர்ந்திருக்கிறது, அழித்துவிட்டு மறுபடி வையுங்கள். பிறகு ஒவ்வொரு புள்ளியிலும் நூலை ஊன்றி, உள்வட்டத்துக்குள் விளிம்பிலிருந்து விளிம்புக்கு ஒரு வில் வளையுங்கள். எல்லா வில்லும் நடுப்புள்ளி வழியாகவே போகும். ஆறு இதழ் தானாக விரிந்துவிடும். முதல் தடவை வரும்போது எனக்கே நம்ப முடியவில்லை.

நிரப்புவது. நடுவிலிருந்து வெளியே வாருங்கள். முதல் வருடம் நான் வெளிவளையத்தை ஆசை ஆசையாக அடர்த்தியாகப் போட்டுக்கொண்டு வந்து, நடுவுக்குப் பூ இல்லாமல் பக்கத்து வீட்டுச் செம்பருத்தியில் கைவைத்தேன். அந்த அக்கா இன்னும் மறக்கவில்லை. காரணம் எளிய கணக்கு. வெளிவளையம் பார்க்க ஆறு அங்குலப் பட்டைதான், ஆனால் மொத்தக் கோலத்தில் பாதிக்கு மேல் அதுதான் தின்னும். அதனால் அதிகமாகவும் மலிவாகவும் கிடைக்கும் கேந்தி அங்கே. ஆறு இதழுக்கு வாடாமல்லி, இடைவெளிக்கு வெள்ளைச் செவ்வந்தி. கேந்தி குறைந்துபோனால் துளசியையோ ஏதாவது பச்சை இலையையோ பொடியாக நறுக்கி வெளி ஓரத்தில் ஒரு கரை கட்டுங்கள், யாருக்கும் தெரியாது. தும்பை கிடைத்தால் நடுவில் ஒரு பிடி வையுங்கள். அது இல்லாத அத்தப்பூ என் கண்ணுக்குக் குறையாகவே தெரியும்.

இதழைத் தூவாதீர்கள். ஒரு கைப்பிடி வைத்து, விரல்நுனியால் கோடு வரை தள்ளுங்கள். ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் நிற்கும். தரை தெரியாத அளவுக்கு, ஒரு விரல் கனம் போதும். முடிந்ததும் தண்ணீரைக் கையால் லேசாகத் தெளித்துவிட்டால் காற்றுக்குக் கொஞ்சம் அடங்கும், வாடவும் நேரமாகும்.

வெள்ளை டைல்ஸ் தரை என்றால் அன்று மாலையே வாரிவிடுங்கள், ஈரக் கேந்தி மஞ்சள் கறை விடும். மண்தரை என்றால் மறுநாள் வரை கிடக்கட்டும். அப்புறம் எல்லாவற்றையும் கூட்டி அள்ளித் தென்னை மூட்டில் போட்டுவிடலாம்.